தம்பியின் நிறம்

வீட்டில் அக்காவைப் ‘பூனை’ என்று கூப்பிடுவார்கள். அவள் நடந்தால் சத்தமே கேட்காது. தங்கைக்குப் பெயர் ‘டமாரம்’. அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே கேட்கும்.

ஆனால் கொஞ்ச நாளாக டமாரம்கூட மெதுவாகத்தான் பேசினாள்.

அவர்களுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். நாள் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாட்கள் இருந்தான். பிறகு இறந்துபோனான். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அக்காக்கள் இருவரும் அவனைப் பார்க்கவே இல்லை.

அம்மா வீடு திரும்பிய பிறகு அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. வாங்கி வைத்திருந்த சின்னச் சின்னச் சட்டைகளை அப்பா எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே இருந்தார். கையில் போன். அதில் தம்பியின் படம். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்துவிடும். அம்மா விரலால் தொடுவார். படம் வரும். மறுபடி அணையும். மறுபடி தொடுவார்.

பூனை கதவோரம் நின்று இதைப் பார்த்தாள். ‘அம்மாவுக்கு அணையாத படம் ஒன்று வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, தம்பி படத்தை கம்ப்யூட்டருக்கு அனுப்புங்களேன். பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட கொடுக்கணும்.”

அப்பாவின் கை நின்றது. “வேண்டாம்மா. பார்த்தா இன்னும் அழுவாங்க.”

“இப்பவும் அழுதுக்கிட்டுதானே இருக்காங்க?”

அப்பா ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, தன் போனிலிருந்த படத்தை அனுப்பினார்.

பிரிண்டர் கூடத்து மூலையில் தூசி படிந்து கிடந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோது, அம்மா படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பூனை தூசியைத் துடைத்துவிட்டு, நல்ல தாளாகப் பார்த்து வைத்தாள். பிரிண்டர் முனகியது, இருமியது, பிறகு தாளை மெல்ல வெளியே தள்ளியது.

வெள்ளைத் துண்டில் சுற்றிய தம்பி. தலையில் ஒரு கம்பளித் தொப்பி. முகம் மட்டும் பச்சை!

“ஐயோ! தம்பி ஏன் பச்சையா இருக்கான்?” என்று கத்திவிட்டாள் டமாரம்.

பூனை சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். இந்தப் படத்தை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது? கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. மடிக்காமல் அப்படியே மேசை இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்தாள்.

பிரிண்டர் கண்ணுக்கே தெரியாத குட்டித் துளைகள் வழியாகத்தான் மையைத் தெளிக்கிறது. துளை அடைத்துக்கொண்டால் அந்த நிறம் வராது. பூனை ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தாள். நீலக் கோடுகள் வந்திருந்தன. மஞ்சள் கோடுகளும் வந்திருந்தன. ரோஜா நிறக் கோடுகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“மை தீர்ந்துபோச்சா?” என்று கேட்டாள் டமாரம்.

“இல்லை, பாதிக்கு மேல இருக்குன்னு காட்டுது. வெளியே வரமாட்டேங்குது.”

“மூக்கடைப்பு!”

பூனை சிரித்துவிட்டாள். உடனே, சிரித்திருக்கக் கூடாதோ என்று அம்மாவின் அறைப்பக்கம் பார்த்தாள்.

கம்ப்யூட்டரில் ‘சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினாள். பிரிண்டர் நெடுநேரம் உறுமியது. சோதனைத் தாளில் ரோஜா நிறம் புள்ளி புள்ளியாக வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதே புள்ளிகள்தான். மையின் அளவு மட்டும் குறைந்திருந்தது. இப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் இருக்கிற மையும் போய்விடும்.

“விடும்மா, கடையில கொடுத்து எடுத்துக்கலாம்” என்றார் அங்கே வந்த அப்பா.

“வேணாம்பா. தம்பி படத்தை நாமதான் எடுக்கணும்.”

பூனை யோசித்தாள். மூடி போட மறந்த ஸ்கெட்ச் பேனா இப்படித்தான் எழுதாமல் போகும். அதன் முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் மறுபடி எழுதும். உள்ளே மை இருக்கும், முனையில்தான் காய்ந்திருக்கும்.

“அப்பா, கொஞ்சம் வெந்நீர் வேணும். கை பொறுக்கிற சூடு போதும்.”

பிரிண்டரின் மூடியைத் திறந்ததும் மைப்பெட்டி நடுவில் வந்து நின்றது. அப்பா பிளக்கைப் பிடுங்கினார். பூனை பெட்டியைக் கழற்றினாள். அதில் மினுங்கிய செப்புத் தகட்டில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். டிஷ்யூ தாளை மடித்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு தட்டில் வைத்தாள். அதன்மேல் பெட்டியைத் துளைப்பக்கம் கீழாக வைத்தாள்.

மூவரும் தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். டிஷ்யூவில் நீலம் ஊறியது. மஞ்சள் ஊறியது. ரோஜா நிறம் வரவில்லை.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பேசினார்.

“அந்தக் கண்ணாடிப் பெட்டியில ஒரு ஓட்டை இருக்கும். அதுவழியா கையை விட்டுத் தொடலாம். நான் தொட்டேன். என் விரலைப் பிடிச்சுக்கிட்டான். நேரமாச்சு, கிளம்புங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அவன் விடலை.”

அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவர் அழுது பிள்ளைகள் பார்த்ததே இல்லை. டமாரம் மெல்ல அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

“கெட்டியா பிடிச்சுக்கிட்டானா?”

“ரொம்பக் கெட்டியா.”

பூனை அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் ஈர டிஷ்யூவில் நூல்போல ஒரு கோடு ஊறி வந்தது. ரோஜா நிறம்.

மைப்பெட்டியைத் துடைத்து மாட்டினார்கள். இந்த முறை சோதனைத் தாளில் எல்லாக் கோடுகளும் வந்தன. பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தை அச்சிட்டாள். முதலில் தொப்பி வந்தது. அடுத்து நெற்றி. அடுத்து மூடிய கண்கள். அப்புறம் கன்னம்.

பச்சை இல்லை. இளஞ்சிவப்புக் கன்னம்.

மை காயும்வரை காத்திருந்து, மூவருமாக அம்மாவின் அறைக்குப் போனார்கள். பூனை படத்தை நீட்டினாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அழுதார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ‘தப்புச் செய்துவிட்டோமோ’ என்று பூனைக்குப் பயமாக இருந்தது.

நெடுநேரம் கழித்து அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார், “இதைவிட இன்னும் கொஞ்சம் சிவப்பா இருந்தான்.”

“எங்க பிரிண்டருக்கு இவ்வளவுதாம்மா முடிஞ்சுது” என்றாள் டமாரம்.

அம்மாவின் உதடு லேசாகச் சிரித்தது. கண்ணீர் நிற்கவில்லை. அவர் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டார். பிள்ளைகள் இருவரும் ஏறி அவரை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

“இன்னும் சொல்லுங்கம்மா” என்றாள் பூனை. “தம்பி எப்படி இருந்தான்?”

அம்மா படத்திலிருந்த தொப்பியின்மேல் விரலை வைத்தார்.

“இதுக்குள்ள மறைஞ்சிருக்கு பாரு, அவன் காது. அது அப்படியே உன் காதுதான்.”

பூனை மெல்லத் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.