சிவப்புப் பொட்டு வைத்த கேமரா

"குடு அதை!"

"மேசையை இழுக்காதீங்க மாமா, ஸ்குரூ எல்லாம் கொட்டிடும்..."

"கொட்டட்டும். அது அவ கேமராவே இல்லைங்கறேன், நீ என்னமோ..."

"இல்லைன்னா எதுக்கு இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தீங்க?"

அவர் மேசையை இன்னொரு இழுப்பு இழுத்தார். கிண்ணம் கவிழ்ந்து, குட்டி குட்டி ஸ்குரூக்கள் தரையெங்கும் உருண்டன. அக்காவின் கணவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என் வேலை அறை மாடியில். கீழிருந்து பதினேழு படி, வீட்டுக்கு வெளிப்புறமாகச் செங்குத்தாக ஏறி நேரே அறை வாசலில் முடியும். நின்று திரும்பக்கூட அங்கே இடம் கிடையாது. ஒரு பக்கத் தோள் சாய்ந்த அந்த உடம்போடு, அறுபத்தாறு வயதில், அத்தனையையும் ஒரே மூச்சில் ஏறி வந்திருந்தார்.

போனில் நான் சொன்னது ஒரே வரி: "அக்காவோட கேமரா கிடைச்சிருக்கு மாமா."

நான் பழைய பிலிம் கேமராக்களைச் சரிசெய்கிறவள். மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. பெரிய பேர் வாங்கிய கேமராக்கள் என் கைக்கு வருவதில்லை. பழைய சாமான் கடையில் மூலையில் குவித்துக் கிடக்கும் பிளாஸ்டிக், தகர வகையறாதான். லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கும். மூடி ஓரத்துப் பஞ்சு தார்போல உருகிக் கையில் ஒட்டும். ஸ்பிரிட், பல்குத்தும் குச்சி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. "வாங்கம்மா, பிணமெல்லாம் ரெடி, அள்ளிட்டுப் போங்க" என்பார் கடைக்காரர்.

போன வாரம் ஏழு பிணங்கள். ஆறாவதின் அழுக்கைத் துடைத்தபோது பொத்தான்மேல் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது.

நகப்பூச்சு.

"என் விரலுக்குக் கண்ணு இல்லடி, எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னே தெரியலை" என்று அக்கா வைத்த பொட்டு. அடியில் ஊசியால் கீறிய பாதி நட்சத்திரமும் அவளுடையதுதான். மீதிப் பாதியைக் கீறுவதற்குள் ஊசி ஒடிந்து, இருவரும் சிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

அக்கா மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்து இருபது வருடம். மறுநாள் காலை பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவதாக விழுந்த அன்று மாலைதான் போன் செய்திருந்தாள். "இனிமே அந்த மனுஷன்கூட முடியாதுடி" என்றவள், பேச்சின் நடுவில் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, "என்னாங்க... இதோ வர்றேன்!" என்றாள். 'என்னா' என்பதை ஒரு முழம் இழுத்துத்தான் கணவரைக் கூப்பிடுவாள். அந்த இழுப்புதான் நான் கடைசியாகக் கேட்ட அவள் குரல்.

"துணி எடுக்கத் தனியா மாடிக்குப் போனா. நான் கீழே பேப்பர் படிச்சிட்டிருந்தேன்" என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். கேமராவைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எப்பவோ தொலைஞ்சு போச்சே" என்றார்.

ஒரு தப்பு செய்தேன், என்னைப்போன்ற கேமராப் பைத்தியங்கள் மட்டுமே செய்யும் தப்பு. உள்ளே பிலிம் இருந்தால், சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. காலி என்று முடிவுகட்டி, ஷட்டரைச் சோதிக்க மூன்று முறை அமுக்கினேன். சுவரைப் பார்த்து ஒன்று. நாற்காலியைப் பார்த்து ஒன்று. மூன்றாவது, திறந்திருந்த வாசலைப் பார்த்து.

மூன்றாவதற்கு நகப்பூச்சு வாசனை வந்தது.

இந்த வீட்டில் நகத்துக்குச் சாயம் பூசுகிறவர்கள் யாரும் இல்லை. என்னைத் தவிர யாருமே இல்லை.

காலி என்று தெரிந்தாலும் முதல் தடவை வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்டுத்தான் திறப்பேன். பழக்கதோஷம். இருட்டில் என் விரலில் பட்டது வழுவழுவென்று ஒரு நாக்கு. பிலிம்! ஓரத்துத் துளைகள் கிழிந்து, நகர முடியாமல் நின்றுபோயிருந்தது. அப்படியானால் கடைசியாக எடுத்த படத்தின் மேலேயே என் மூன்று கிளிக்கும் விழுந்திருக்கிறது.

அன்றைக்கே குளியலறையை இருட்டாக்கிக் கழுவினேன். காலையில் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் பார்த்தேன். மொட்டை மாடியும் என் அறையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடந்தன. முழங்கால் உயரச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். என் அறை வாசலில் நிற்பதுபோலவே இருந்தது. அவள் காலடிவரை நீண்டு கிடந்தது, படம் எடுத்தவரின் நிழல். இரண்டு கையும் தூக்கி, ஒரு தோள் சாய்ந்து.

"கீழே பேப்பர் படிச்ச ஆளுக்கு மாடியில ஏது மாமா நிழல்?"

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எங்கேடி உங்க அக்கா?"

போனைத் திருப்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது. வாசல் இருந்தது. நிழல் இருந்தது.

அக்கா இல்லை.

"காலையில இருந்தாளே" என்றேன்.

"கண்ணாடியை மாத்து. கண்ணாடிக் கடையிலதானே இருந்தே?" மேசையிலிருந்து கேமராவை வெடுக்கென்று எடுத்தார். வந்த காரியம் முடிந்த தெம்பு. "இரு, நானே பாக்கறேன். இதுக்குள்ள ஒளிஞ்சிருக்காளோ என்னமோ!"

கண்ணில் வைத்தார்.

சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே நின்றது.

"நீ எங்கே நிக்கறே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மேசைகிட்ட. உங்க இடது பக்கம்."

"அப்போ எதிர்ல?"

எதிரில் யாரும் இல்லை. நகப்பூச்சு வாசனை மட்டும் அறை முழுக்க ஏறியது, மூடியை அப்போதுதான் திறந்ததுபோல.

கேமராவைக் கண்ணிலிருந்து பிடுங்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை வரவில்லை. ஒரு அடி பின்னால் போனார்.

கிளிக்.

அவர் விரல் பொத்தான்மேல் இல்லை.

"கிட்ட வராதே" என்று முணுமுணுத்தார். என்னிடம் இல்லை. "நான் தொடவே இல்லையே... போறதுன்னா போ, கடைசியா ஒரு போட்டோன்னுதானே கேட்டேன்? பின்னாடி போன்னேன், நீயா போனே. இன்னும் ஒரு அடின்னேன். அவ்வளவுதானே சொன்னேன்! தள்ளலையே நான்!"

அந்த வார்த்தைக்காக இருபது வருடம் காத்திருந்திருக்கிறேன்.

இன்னொரு அடி. அவர் முதுகுக்குப் பின்னால் திறந்த வாசல் வழியே சாயங்கால வெயில் விழுந்தது. இரண்டு கையும் தூக்கி, ஒரு தோள் சாய்ந்து, அவர் நிழல் தரையில் என் நாற்காலிவரை நீண்டது. படத்தில் பார்த்த அதே நிழல்.

நிழலின் தலைமாட்டில் ஸ்குரூக்கள் சிதறிக் கிடந்தன.

அவை ஒவ்வொன்றாக ஒதுங்கின.

வெறுங்காலில் நடக்கிற ஒருத்தி, குத்திவிடுமோ என்று பாதத்தால் தள்ளிவிட்டுக்கொண்டே வருவதுபோல. அவரை நோக்கி.

கிளிக்.

அவர் குதிகால் நிலைப்படியைத் தொட்டது. அதற்குப் பின்னால் பதினேழு படி.

என்ன செய்த மனுஷனாக இருந்தாலும் கண்ணெதிரே விழவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. சத்தியமாக இல்லை. "மாமா, படி!" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். என் ஆயுசில் அவரை மாமா என்று தவிர வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை.

"என்னாங்க..." என்றது என் வாய், ஒரு முழம் இழுத்து. "இன்னும் ஒரே ஒரு அடி."