மேயருக்கு வைத்த கீரை

மேயர் தண்டைத் தின்னாது. முப்பத்தோரு வருஷமாக இலையை மட்டும் கவ்வி இழுத்துத் தின்றுவிட்டு, தண்டுகளைத் தட்டில் அப்படியே போட்டுவைக்கிற ஆமை அது. பிப்ரவரி மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை அதன் தட்டு துடைத்து எடுத்ததுபோல் கிடந்தது. ஒரு தண்டுகூட இல்லை. ஆர்டிஸ் தட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழுவிவைத்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

மேயர் என்று பெயர் வைத்தது அவள் கணவர் வெர்ன். கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு ஊரைச் சுற்றிப்பார்க்க வந்த பெரிய மனுஷன்போல நடக்கும் என்பதால். வீட்டின் அடித்தளத்தில், வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்புக்குப் பக்கத்தில், ஆள் நீளத்துக்குப் பலகைத் தொட்டி செய்து, இடுப்பளவு மண் நிரப்பி, மேலே சூடு விளக்கு மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான். நவம்பர் கடைசியில் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் அதற்குள் பூமி உறைந்து இறுகிவிட்டது. வசந்தம் வந்து மண் இளகினால்தான் குழி தோண்ட முடியும் என்றார்கள். அதுவரை அவர் பெட்டிக்குள், கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்திருந்தார்.

ஆர்டிஸுக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. சாப்பாட்டில் ருசி போயிற்று, மூக்கில் வாசனை போயிற்று, சுடுதண்ணீரில் கையை வைத்தால் சுடுகிறது என்று கண்தான் சொன்னது. ஆனால் காலை எட்டு மணிக்குக் கீரையைக் கழுவி, உதறி, நறுக்கி, பன்னிரண்டு படி இறங்கி அந்தத் தட்டில் வைப்பதை மட்டும் அவள் ஒருநாளும் விடவில்லை.

தோழி ஜோலீன்தான் அவளைக் கடைக்குக் காரில் கூட்டிப்போவாள். ஒருநாள் கடைத் தள்ளுவண்டியில் ஆறு கட்டு டேன்டலையன் கீரையைப் பார்த்துவிட்டு அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆறா? போன மாசம் ரெண்டுதானே வாங்கினே. அது ஆமையா, இல்ல கன்னுக்குட்டியாடி?"

"பசிக்குது போல."

"அது நல்லாத்தான் திங்குது. நீதான் காஞ்ச ரொட்டிய கடிச்சுக்கிட்டு கெடக்கே. ராத்திரி எங்க வீட்டுக்கு வா, சூப் வைக்கிறேன்."

"நாளைக்கு வரேன்," என்றாள் ஆர்டிஸ். தினமும் சொல்வதுதான்.

ஞாயிறுதோறும் ஆமையை எடைபோடுவது வெர்னின் வழக்கம். அவளும் போட்டுவந்தாள். ஓட்டுக்குள் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு அது அசையாமல் இருந்தது. குளிர்காலத்து மந்தம் என்று நினைத்துக்கொண்டாள். எடை மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. தட்டு காலியாகிறது, ஆமை இளைக்கிறது. மூன்றாவது ஞாயிறும் இறங்கியபோது ஜோலீனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் பக்கிலா மேயரைத் துண்டிலிருந்து எடுத்தார். தலைப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். சின்ன விளக்கை ஓட்டுக்குள் அடித்தார். விரலால் தட்டினார். காலித் தகர டப்பாவைத் தட்டிய சத்தம்.

"மிஸஸ் க்வாம்... இது செத்துப்போய் ரொம்ப நாளாச்சுங்க."

"இல்ல டாக்டர். காலையில சாப்பிட்டுச்சு. ஒரு கட்டு முழுசா," என்றாள் ஆர்டிஸ்.

மருத்துவர் ஜோலீனை ஒருமுறை பார்த்தார். "விளக்குச் சூட்டுல உள்ள எல்லாம் காஞ்சு போயிருக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போயிருக்கணும். உங்களுக்கு வாசன எதுவும் தெரியலயா?"

"எனக்கு வாசனை தெரியாதுங்க," என்றாள் ஆர்டிஸ்.

திரும்பும் வழியில் ஜோலீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினாள். "எலிதான்டி. குளிருக்கு உள்ள வந்திருக்கும். நாளைக்கு எங்க வீட்டுக்காரர் ராய்கிட்ட சொல்லி பொறி வைக்கச் சொல்றேன். இன்னிக்கு எங்க வீட்டுல தூங்கு." ஆர்டிஸ் வேண்டாம் என்றாள். வீட்டுக்குள் வந்து, அடித்தளத்தில் சூடு விளக்கை அணைத்தாள். வெறும் ஓட்டைத் துண்டோடு சமையலறை மேசைமேல் வைத்தாள். அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கை தானாகவே கீரையை எடுத்தது. கழுவியபிறகுதான் நினைவு வந்தது. ஈரக் கட்டு கையில் சொட்டிக்கொண்டிருக்க, அவள் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாக, விளிம்பு தெரியாமல், வானத்தோடு ஒட்டிக்கிடந்தது. தரையோரத்தில் வெப்பக் காற்று வரும் இரும்புச் சல்லடை வழியாக, கணப்படுப்பின் முனகலுக்கு நடுவே, இன்னொரு சத்தம் மேலே வந்தது. ஈரமான சத்தம். அவசரமில்லாத சத்தம். வாய் திறந்து மூடுகிற சத்தம்.

காத்திருக்கிற வாய்.

அவள் படியிறங்கினாள். சத்தம் நின்றது.

தொட்டியில் மண் மட்டும் இருந்தது. ஓரத்தில் தட்டு. கீரையை அதில் வைத்தாள். தள்ளி நின்றாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு இலை அசைந்தது. தட்டிலிருந்து சரிந்து மண்ணில் விழுந்தது. அங்கிருந்து உள்ளே போனது. மெதுவாக. நுனி முதலில். தண்டு கடைசியில். மண் மூடிக்கொண்டது.

கடிபடும் சத்தம்.

அடுத்த இலை. அதற்கடுத்தது.

படியேறி மேலே ஓடலாம். ஜோலீனைக் கூப்பிடலாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. யாரோ வேறொருத்தி செய்யவேண்டிய காரியம்போலத் தெரிந்தது. கட்டு தீர்ந்தது. தட்டைச் சுற்றி மண் குழைந்தது. தேடியது.

ஆர்டிஸ் முட்டிபோட்டாள். கையை மண்ணுக்குள் விட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கு நேற்றிலிருந்து அணைந்திருந்தது.

விரல் நுனியில் ஏதோ பட்டது. உதடு. மெத்தென்று. ஈரமாக. ஒரு விரலைப் பற்றியது. முகர்ந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. சப்பியது. சூடு. நவம்பருக்குப் பிறகு அவள் உணர்ந்த முதல் சூடு.

அப்புறம் பல். வரிசையாக. தட்டையாக. ஆமைக்குப் பல் கிடையாது.

அவள் கையை இழுக்கவில்லை.

தொட்டியின் மறுகோடியில், ஓர் ஆள் நீளம் தள்ளி, மண் மெல்ல மேலெழும்பி மெல்லத் தாழ்ந்தது. ஆர்டிஸ் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. பிறகு முழங்கை வரை. மெல்லும் சத்தம், அவசரமில்லாமல், மறுபடியும் தொடங்கியது.