தண்ணீர் குறையாத தொட்டி

தொட்டியில் தண்ணீர் குறையவில்லை.

நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவருக்குத் தோன்றாது. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி, மேலே பகலெல்லாம் எரியும் நீல விளக்குகள், ஓயாமல் சுழலும் உப்புத்தண்ணீர். தினமும் ஒரு ஜாடித் தண்ணீராவது ஆவியாகிப் போயே தீரும். காலையில் எழுந்ததும் தன் பல்லைத் தேய்க்கிறாரோ இல்லையோ, பல் டாக்டர் அந்த ஒரு ஜாடி நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கீழே மர அலமாரிக்குள், மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும், பம்பும் வடிகட்டியும் இருக்கும் சின்னத் தொட்டியில், கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஜாடியைக் கவிழ்த்தால் கோட்டைத் தொடும். அன்று ஜாடியும் கையுமாகக் குனிந்து பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நின்றது.

"நீ ஏதாவது தண்ணி ஊத்தினியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க தொட்டிப் பக்கம் நான் வந்தாத்தானே? வந்தா உடனே நடக்காதே நடக்காதேன்னு கத்துவீங்க" என்றாள் அவள், படுக்கையறையிலிருந்து.

அதில் தப்பில்லை. கத்துவார்தான். பழைய கட்டடம், யாராவது நடந்தால் தரை லேசாக அதிரும். தரை அதிர்ந்தால் தண்ணீர் ஆடும், தண்ணீர் ஆடினால் அவர் எடுக்கும் படம் கலங்கும், பவளமும் சுருங்கிக்கொள்ளும். அவளுக்கு ஏழாம் மாதம். நடந்தால் கனமாகத்தான் நடப்பாள். அதற்கும் அவர் கத்தினார் என்பதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

தொட்டி இருந்த அறை குழந்தைக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தொட்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஓட்டல்காரர் தயார். ஆனால் ஏழு வருடமாகக் குழந்தையைப் போல வளர்த்ததை ஒரு நல்ல படம்கூட எடுக்காமல் அனுப்ப டாக்டருக்கு மனசு வரவில்லை. முழுத் தொட்டியும், எல்லாப் பவளமும் விரிந்து நிற்க, ஒரே ஒரு படம். அதற்காக ஓட்டல்காரரை மூன்று முறை தள்ளிப் போட்டாகிவிட்டது. நான்காவது முறை மனைவி கறாராகச் சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமையோட முடியணும். இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். குழந்தையும் அங்கதான் வளரும். நீங்க உங்க பவளத்தோட குடும்பம் நடத்துங்க."

"ஒரே ஒரு படம்."

"நானும் ஒரு பவளமா மாறினாத்தான் என்னைத் திரும்பிப் பாப்பீங்க போல."

படம் எடுப்பது சும்மா வேலையில்லை. அவர் எடுத்தது மதிய நேரத்தில், கிளினிக்கை மூடிவிட்டு வந்து. திரைகளை எல்லாம் இழுத்து வீட்டையே இருட்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் நாற்காலி முதல் அவர் மூக்கு வரை விழும். கறுப்புச் சட்டை போட வேண்டும். நீல வெளிச்சம் படத்தைக் கெடுக்காமலிருக்க லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடி மாட்ட வேண்டும். கடைசியாகப் பம்புகளை நிறுத்த வேண்டும். வீட்டின் மூச்சு போல ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த உறுமல் அடங்கும், குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே போய் வெடிக்கும், தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளியும். அந்த அசைவின்மையில் பவளங்கள் பயம் தெளிந்து மெல்ல விரியும். ஆயிரக்கணக்கான பொடி வாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பொடி விரல்கள். இரையின் வாசனை பட்டால் போதும், அத்தனையும் வாசனை வரும் பக்கமாகத் திரும்பி நீளும். நாளெல்லாம் பிறர் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவர் வீட்டுக்கு வந்தும் வாயைத்தான் பார்க்கிறார் என்று மனைவி தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அந்த விரல்கள் கொட்டவும் செய்யும். ஒரு முறை வெறுங்கையால் ஒன்றை நகர்த்தப் போய், விரல் சுருக்கென்றது, அப்புறம் அரை நாள் மரத்தே கிடந்தது. "என் ஊசியைவிட நல்லா வேலை செய்யுது" என்று கிளினிக்கில் பெருமையடித்துக்கொண்டார்.

தண்ணீர் குறையாத அன்று மதியம் எடுத்த படங்களில் ஒரு கறை இருந்தது.

லென்ஸைத் துடைத்தார். தொட்டிக் கண்ணாடியை வெளியே துடைத்தார், உள்ளே சுரண்டினார். கறை போகவில்லை. உற்றுப் பார்த்தால் அது கறையே இல்லை. பவளம் ஒட்டி வளரும் பாறைக்கு நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, பவளங்கள் மூடிக்கிடந்தன. சுற்றிலும் எல்லாம் விரிந்து நிற்க, அந்த இடம் மட்டும் மொட்டையாக, வெறும் சுண்ணாம்பு எலும்பாக.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "நண்டு ஏதாச்சும் ஒளிஞ்சிருக்கும் சார். டார்ச் அடிச்சுப் பாருங்க" என்றார் அவர். டாக்டர் பார்த்தார். பல் பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொரு பொந்தையும் குடைந்தார். நண்டு இல்லை, புழு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எரிச்சல்தான் மிச்சம். மறுநாள் அந்த வழுக்கை முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. எப்போதும் பாறைக்கு நடுவில் விளையாடும் மீன்கள் எல்லாம் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு, போட்ட இரையைத் தின்னக்கூட இறங்கவில்லை.

தண்ணீரும் ஏறிக்கொண்டே போனது. தினமும் ஜாடி ஊற்றுகிறவர் இப்போது தினமும் ஜாடியால் மொண்டு வெளியே கொட்டினார். குழாய் எங்கோ கசிந்து உள்ளே வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அப்படியானால் உப்பு நீர்த்துப் போயிருக்க வேண்டும். சோதித்தார். உப்பு அப்படியே இருந்தது. மறுபடி சோதித்தார். அப்படியேதான். சோதிக்கும் கருவியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை, பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். தண்ணீர் கூடவில்லை. தண்ணீருக்குள் ஏதோ ஒன்று வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குமேல் அவர் யோசிக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தள்ளி நின்று பார்த்தார். தள்ளி நின்றிருக்கக் கூடாது. கிட்டே நின்றால் வெறும் வழுக்கைத் திட்டு. தள்ளி நின்றால் அதற்குத் தோள் இருந்தது. மடங்கிய முழங்கால் இருந்தது. யாரோ பவளப் படுக்கையில் ஒருக்களித்துப் படுத்தது போல, உடம்பு பட்ட இடமெல்லாம் மூடிக்கிடந்தது. அந்த உடம்பைத்தான் காணோம். தொட்டியைப் பொருத்தியபோது கண்ணாடிக்காரர் அடித்த ஜோக் நினைவுக்கு வந்தது: "ஒரு ஆளே காலை நீட்டிப் படுத்துக்கலாம் சார்."

டாக்டர் கம்ப்யூட்டரை அணைத்தார். கண் அசதி. வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சண்டை. அவர் திரைகளை இழுக்க, அவள் திறக்க, அவர் மறுபடி இழுக்க. "இன்னிக்கு மட்டும் அசையாமப் படு. உன்னைக் கும்பிடுறேன்" என்றார், கும்பிடுகிற குரலில் இல்லை. அவள் படுக்கையறைக்குள் போனாள். மதியம் பம்புகளை நிறுத்தினார். உறுமல் அடங்கியது. தண்ணீர் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும். சமையலறைக்குப் போய், இருட்டிலேயே தடவித் தடவி ஒரு காப்பி கலந்து, சுவரில் சாய்ந்து நின்று குடித்தார். அங்கே நின்றபோது சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. மீன் துள்ளியிருக்கும். அப்புறம் ஈரத்துணியை இழுப்பது போல ஒன்று, மெதுவாக, நின்று நின்று. அவள்தான் எழுந்து நடக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தவருக்கு மூச்சே நின்றது.

எல்லாம் விரிந்திருந்தது. ஒரு வழுக்கை இல்லை, ஒரு திட்டு இல்லை. பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாக, ஏழு வருடத்தில் ஒரு நாளும் காட்டாத அழகை மொத்தமாகக் காட்டிக்கொண்டு நின்றது. மீன்கள் நடுவில் இறங்கி விளையாடின. கேமராவை வைத்து எடுத்தார். இன்னொன்று எடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிடைத்துவிட்டது. இனி ஓட்டல்காரர் நாளைக்கே வரட்டும்.

கேமராவை இறக்கியபோதுதான் கவனித்தார். மேலே, கண்ணாடி விளிம்பிலிருந்து, தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது.

காலடியில் ஈரம். கசிவு என்று பதறிக் குனிந்தார். கண்ணாடி மூட்டுகள் காய்ந்தே இருந்தன. ஈரம் தொட்டியின் அடியில் இல்லை. தொட்டிக்கு முன்னால் தொடங்கி, அகலமான ஒரே பட்டையாக, கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக்குள் போயிருந்தது.

அவளாகத்தான் இருக்கும். தண்ணீர் வழிந்ததைப் பார்த்துவிட்டு, இந்த வயிற்றோடு குனிந்து துடைத்திருக்கிறாள். அந்த ஈரத்துணியை இழுக்கும் சத்தம்! துடைக்கிற பெண்ணை நடக்காதே என்று மனசுக்குள் வைதுகொண்டு காப்பி குடித்திருக்கிறார். டாக்டருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

படுக்கையறையில் திரைகள் இழுத்தபடியே இருந்தன. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, தலை வரை போர்த்திப் படுத்திருந்தாள். அசையாமல். சொன்ன சொல்லைத் தட்டாமல். உப்பும் பாசியும் கலந்த வாடை அறைக்குள்ளும் வந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தை சொதசொதவென்று நனைந்திருந்தது.

"உடம்பு துடைக்காமலேயே படுத்துட்டியா?" என்றார். பதில் இல்லை. கோபம். இருக்கட்டும், நியாயமான கோபம். "எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கே தொட்டியை அனுப்பிடறேன். நான் மனுஷனே இல்ல. உன்னைப் படாத பாடு படுத்திட்டேன். என்னை மன்னிச்சிடு."

போர்வைக்கு வெளியே கிடந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

குளிர்ந்த கை. அவர் தொட்டதும் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. புல்லரிப்பு என்று நினைத்தார். "குளிருதா?" என்றார். அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெல்ல, அவர் உள்ளங்கைக்குள், தோல் விரிந்தது. ஒவ்வொன்றாக.

சுருக்.

பையில் போன் அதிர்ந்தது. கைக்குள் இருந்த கை ஒரு நொடியில் கல்லானது. இடது கையால் போனை எடுத்தார். திரையில் மனைவியின் சிரித்த படம். அந்த வெளிச்சத்தில், தன் விரல்களுக்கு நடுவே, பச்சையும் ஊதாவுமாக மின்னுவதைப் பார்த்தார்.

"என்னங்க" என்றாள் அவள், காதுக்குள், சாந்தமாக. "கோவத்துல காலையிலேயே சொல்லாமக் கொள்ளாம அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். அங்க இருக்கவும் பிடிக்கல. அக்கா சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கா. இப்ப நம்ம லிஃப்ட்டுக்கிட்ட வந்துட்டேன். சேர்ந்து சாப்பிடலாமா?"

கையை உருவப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கை மரத்திருந்தது. தோளும். தாடை. ஊசி போட்ட நோயாளி போல நாக்கு தடித்துக் கிடந்தது. வராதே என்று சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்கே திரும்பிப் போ, ஓடிப் போ என்று சொல்ல வேண்டும். அத்தனை நாள் கத்திக் கத்திப் பழகிய ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"நட… நடக்காதே."

"என்னது?"

"நடக்… காதே."



"இப்பவும் அதானா? நீங்க திருந்தவே மாட்டீங்க" என்றாள். போன் அணைந்தது.

லிஃப்ட் ஏறும் சத்தம். சாவி. கதவு. கூடத்தில் அவளுடைய கனமான, நிதானமான காலடி. தரை அதிர்ந்தது. கைக்குள் இருந்தது சுருங்கியது. இன்னொரு அடி. கொஞ்சமாகச் சுருங்கியது. மூன்றாவது அடிக்குச் சுருங்கவில்லை. அதற்குள் சாப்பாட்டு வாசனை அறைக்குள் வந்துவிட்டது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? ஏன் இவ்வளவு ஈரம்?"

அவர் வாயைத் திறந்தார். எச்சில்தான் வழிந்தது.

கட்டிலில் போர்வை மெதுவாக மேலெழும்பியது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, அதன் கீழிருந்து ஆயிரம் பொடி விரல்கள் விரிந்து, அத்தனையும் ஒன்றாக, கதவுப் பக்கம் திரும்பி நீண்டன.