சூடேறினால் தெரியும் படம்

எதுவும் ஓடவில்லை. அப்படியிருந்தும் சேரன் விட்டுப்போன பழைய லேப்டாப்பின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. தமிழினி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கிராபிக்ஸ் சிப் இருக்கும் இடது ஓரம் தோசைக்கல்லாய்ச் சுட்டது. படம் வரைகிற வேலை இருந்தால்தான் அந்தச் சிப் இப்படிக் கொதிக்கும். திரையிலோ வெறும் நீலம்.

சேரன் அவள் புருஷன். போன மாசி அமாவாசைக்கு அவளுடைய அண்ணன் வீரமணியோடு பைக்கில் மேல்மலையனூர் போனவன் திரும்பவில்லை. பெங்களூர் பஸ்ஸில் ஒருத்தியோடு ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக அண்ணன் சொன்னான். அவள் நம்பினாள். தாலியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டாள். ஆனாலும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகவே தினமும் அந்த லேப்டாப்பைத் திறந்து துழாவினாள்.

வீரமணிக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. போன் போட்டாள்.

"இன்னா தமிழு, மறுபடியும் சூடாவுதா? இப்பதான சிப்பு சூடு எறங்க பேஸ்ட் வச்சிக் குடுத்தேன்."

"ஒன்னும் ஓடலண்ணா. சும்மாவே கொதிக்குது."

"ஆஃப் பண்ணு. ஓடிப்போனவன் பொட்டிய கட்டினு அழுவுற பாரு. கடைய சாத்திட்டு வந்து எடுத்துனு போறேன்."

அவள் ஆஃப் செய்யவில்லை. கெட்டது திரையா சிப்பா என்று பார்க்க அண்ணன் கடையில் ஒரு வழி உண்டு; லேப்டாப்பை டிவியோடு வயரில் இணைத்துப் பார்ப்பான். அவளும் இணைத்தாள்.

டிவி கறுப்பாக இருந்தது. வெளியே பொழுது சாய, பகலெல்லாம் வெயில் குடித்த கோட்டை மலைப் பாறைகள் அந்த அனலை ஜன்னல் வழியே வீட்டுக்குள் மெதுவாகத் திருப்பி ஊதிக்கொண்டிருந்தன. காய்ந்த தூசும் பிளாஸ்டிக்கும் கருகும் வாடைக்கு நடுவே, அந்த வீட்டில் இருக்கவே முடியாத ஒரு வாடை வந்தது. ஈரப் பாசி.

கறுப்புக்குள் ஏதோ அசைந்தது. பாறை இடுக்கு. சுனைத் தண்ணீர்.

டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பினாள். படம் மங்கியது. ஃபேனை நிறுத்தினாள். படம் திரும்பி வந்தது.

கட்டிலில் கிடந்த கம்பளிப் போர்வையை எடுத்து லேப்டாப்பைச் சுற்றினாள்.

தண்ணீருக்கு அடியில் ஒரு முகம். வெளுத்து, உப்பி, வாய் திறந்து மூடியது. சேரன். அவன் தலைமேல் ஒரு கை. அழுத்தும் கை. கட்டைவிரலில், கடையில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு. அண்ணனின் அந்தச் சூட்டுக் காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது அவள்தான்.

பெங்களூர் பஸ் இல்லை. ஒருத்தியும் இல்லை.

கதவு திறந்தது. ஸ்குரூ டிரைவரோடு வீரமணி நின்றான். டிவியைப் பார்த்தான். அவன் ஆச்சரியப்படவில்லை.

"உனுக்குத் தெரியுமா?"

"கடையில வச்சிப் பாக்கசொல்லவே வந்தான் தமிழு. ஒவ்வொரு வாட்டியும் வந்தான். எத்தினி பேஸ்ட்டு வைப்பேன்? குளுந்தா போயிடுவான். அந்தப் போர்வைய எடு."

"நான் அவன எவ்ளோ திட்னேன். நீ பக்கத்துல ஒக்காந்து தலைய ஆட்டுன."

"வாய்த் தகராறும்மா. கைய மீறிப்போச்சி. எடு சொல்றேன்."

பாய்ந்து கரண்ட் வயரைப் பிடுங்கினான். பேட்டரி என்றோ செத்த லேப்டாப். விசிறி நின்றது. படம் நிற்கவில்லை.

சுனையில் முகம் இல்லை. தண்ணீர் மட்டும் ஆடியது.

வீரமணியின் தலை சட்டென்று குனிந்தது. யாரோ பிடித்து அழுத்தியதுபோல. முட்டி போட்டான். காய்ந்த சிமெண்ட் தரையில் முகம் மோதியது. மூக்கிலிருந்து தண்ணீர். வாயிலிருந்து தண்ணீர். பச்சைத் தண்ணீர். விரல்கள் போர்வையின் ஓரத்தைத் தேடித் தரையைப் பிறாண்டின.

"தமி..."

குமிழிகள்.

போர்வையை எடுத்தால் போதும். குளிர்ந்துவிடும்.

தமிழினி லேப்டாப்பைப் போர்வையோடு மடியில் தூக்கி வைத்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். கம்பளி பொசுங்கியது. தோல் பொசுங்கியது. டிவியில் படம் இன்னும் தெளிந்தது.