எடைச் சீட்டு

சீட்டில் தொண்ணூற்றேழு என்று இருந்தது.

கிறிஸ்துதாஸ் அதைத் திருநின்றவூர் பிளாட்பாரத்தின் டியூப்லைட் அடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் நடிகையின் படம், மறுபக்கம் 'எடுத்த காரியம் கைகூடும்' என்று ஒரு ஜோசியம், அதன் கீழே எடை. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மெஷினில் எண்பத்துநாலு. அதற்கப்புறம் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில், நாய் துரத்தாத நாளிலும் துரத்தியதுபோல ஓடியிருக்கிறார். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மெஷினுக்குக் கிறுக்கு என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஓடாமல் இருக்கவும் முடியாது. ஆவடியில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லியிருந்தார்: "உங்க ஹார்ட் வீக் சார். எழுபத்திரண்டு கிலோவுக்கு மேல அதால சுமக்க முடியாது." அப்பா நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருக்கு நாற்பத்தொன்று. இளைய மகள் இன்னும் சிலேட்டில்தான் எழுதுகிறாள். சாவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் சும்மா ஓடினால் போதாதென்று கையில் கல்லோடு ஓடினார். சித்திரை வெயிலில் தண்ணீர் பின்வாங்கிய ஏரிச் சேற்றில், உள்ளங்கைக்கு அடக்கமாக, வழவழவென்று இரண்டு கற்கள் கிடைத்தன. ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். ஓடி முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைப்பார். வழியில் ஸ்டேஷனில் எடை பார்க்கும் நாளில் மறக்காமல் கீழே இறக்கிவிட்டுத்தான் ஏறுவார்.

தொண்ணூற்றேழு வந்த அன்று இடது தோளில் மட்டும் ஒரு கனம் இருந்தது, பிழியாத துணியை மடித்துப் போட்டதுபோல. அடுத்த வாரம் நூற்றுப் பன்னிரண்டு. அந்த வாரமெல்லாம், கரையின் கருவேல மரங்களுக்கு நடுவே, தன் கேன்வாஸ் ஷூவின் தொப் தொப் சத்தத்துக்குப் பின்னால் வெறுங்கால் சேற்றில் பதிந்து பிடுங்குகிற இன்னொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இவர் நின்றால் அதுவும் நிற்கும். ஒரு அடி தாமதமாக. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் அலாரத்துக்கு அவரோடு விழித்த மனைவி ஜெயகுமாரி, "நல்லா மெலிஞ்சுட்டிய. ஆனா கட்டிலு ஏன் இப்படித் தொங்குது?" என்றாள். நாசரேத்தை விட்டு வந்து பத்து வருஷமாகியும் அவள் பேச்சு மாறவில்லை. அவள் பார்த்தது இவரை அல்ல. இவர் முதுகுக்குப் பின்னால், யாரும் படுக்காத இடத்தில், கட்டில் நாடா பள்ளமாக அமுங்கியிருந்தது.

அன்று சீட்டில் நூற்று முப்பத்தொன்று.

மறுநாள் பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பிடரியில் மூச்சு பட்டது. பாசி நாற்றம். முழங்கால் மடிந்தது. நெஞ்சில் ஒரு குத்தல். ஏரியில் வலை விரித்துக்கொண்டிருந்த வேம்புலிதான் ஓடிவந்து பிடித்தான்.

"இன்னா சார், கையில இன்னா கல்லு?" அவன் குரல் இறங்கியது. "எங்க எடுத்தே? மாசி மாசம் இந்த ஏரில முழுகிப் பூட்டாரே நாகேந்திரன், அவுரு காரியத்துக்கு வெச்ச கல்லு சார் இது. செத்தவங்கள கல்லுல எறக்கி, படையல் போட்டு, தண்ணில உட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடுவோம். உங்க சர்ச்சு ஆளுங்களுக்கு இது தெரியாது."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஆழத்துல போட்டுடு. போட்டுட்டு நேரா போய்க்கினே இரு. திரும்பினேன்னு வெச்சிக்கோ, கூடவே வந்துடுவாரு."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போட்டார். இரண்டு கற்களும் சத்தமில்லாமல் உள்ளே போயின. கரை ஏறும்போது முதுகிலிருந்து ஏதோ மெல்ல வழுக்கி இறங்கியது. பனியன் முதுகோடு ஒட்டாமல் காற்றில் ஆடியது. மனசுக்குள் பைபிள் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே, கழுத்தை ஒரு நூல்கூடத் திருப்பாமல், ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார். பிளாட்பாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

மெஷினில் ஏறி நின்று காசு போட்டார். விளக்குகள் சுற்றி நின்றன.

எழுபத்தொன்று.

கண் கலங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டோம் என்று வாய்விட்டே சொன்னார். சீட்டை இளையவளிடம் காட்ட வேண்டும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நாலு அடிகூடப் போயிருக்க மாட்டார்.

பின்னால் மெஷின் சுற்றியது.

ரயிலுக்கு வந்த யாரோ என்றுதான் நினைத்தார். அந்த நினைப்பில் திரும்பிவிட்டார்.

யாருமில்லை.

சிவப்பு விளக்கு நின்றது. சீட்டு ஒன்று துப்பப்பட்டு, தட்டில் தங்காமல், அவர் காலடிக்கு வந்து விழுந்தது.

அறுபது.

ஏறி நிற்கும் பலகை அமுங்கியே இருந்தது. அதன்மேல் இரண்டு பாதத் தடங்கள். சேறும் தண்ணீரும். விரல்கள் இவர் பக்கம் பார்த்திருந்தன.

கிறிஸ்துதாஸ் நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டார்.

பலகை டக்கென்று மேலே எழும்பியது.