முழுக்க அவனுடையது

நான்கு மாத வயிறு அது. பார்த்தவர்கள் எட்டு மாதம் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை, கண்ணுகளா. தீர்த்தம்மாளை உறுத்தியது வேறு. வயிற்றுக்குள் ஓர் அசைவு இல்லை, ஓர் உதை இல்லை. ஆனால் புருஷன் மாயவன் வீட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்தானோ, அந்தப் பக்கமாக வயிறு மெல்லச் சரிந்து நின்றது.

உதிரம் கசியத் தொடங்கியதும் தருமபுரிக்கு பஸ் ஏறினார்கள். அங்கே ஆஸ்பத்திரி டாக்டரம்மா சேலத்துக்கு அனுப்பி எடுத்துவரச் செய்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பிள்ளை இல்லை. திராட்சைக் குலைபோல் நீர்முத்துகள்.

"முட்டையில உங்க பங்கு இல்லாம போச்சும்மா. அப்பாவோட பங்கு மட்டும் ரெட்டிச்சு வளருது. அம்மா முத்திரை, அப்பா முத்திரை ரெண்டும் விழுந்தாத்தான் குழந்தையாகும்னு இப்பத்தான் எலிய வெச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்பா முத்திரை மட்டும்னா வெறும் நஞ்சுக்கொடியா பரவும். உடனே சுத்தம் பண்ணணும். விட்டா நுரையீரலுக்கு ஏறிடும். உசுருக்கே ஆபத்து."

மாயவன் கேட்டது ஒன்றுதான். "அப்ப, முழுக்க என்னுதுங்களா?"

"ஆமா. ஆனா அது..."

அவன் எழுந்துவிட்டான். "என்னுதுல கை வெக்க நீங்க யாருங்க? எந்திரிடி, வூட்டுக்குப் போலாம்."

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, புளியந்தோப்பை ஒட்டிய வீடு. அன்றிலிருந்து அவளை வாசல் தாண்ட விடவில்லை. மாமியார் குள்ளம்மாள் களியுருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, வயிற்றைப் பார்த்துத்தான் பேசுவாள். "தின்னு, சாமி."

"அத்தே, மூச்சு முட்டுதுங்க."

"நீ வெறும் சட்டிடி. சட்டி எங்கனா மூச்சு வுடுமா?"

நாளாக நாளாக, அவள் வியர்வையில் அவளுடைய வாடை போய் மாயவனின் வாடை, பீடியும் புளியும் ஊறிய அந்தக் கசப்பு, ஏறிவந்தது. படுத்தால் விலாவுக்குள் ஈர விதைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, முதலில் வயிற்றில், பிறகு நெஞ்சுக்குழியில், பிறகு இன்னும் மேலே, அவசரமே இல்லாமல், குடிவந்தவர்கள் அறை அறையாகச் சாமான் நகர்த்துவதுபோலக் கேட்டது.

ஒருநாள் மாலை மாயவன் புளிமூட்டையோடு மொரப்பூர் போயிருந்தான். கரண்ட் போயிற்று. வளைவில் தருமபுரி பஸ்ஸின் ஹாரன். இப்போது ஓடினால் பிழைக்கலாம்.

சுவரைத் தடவித் தடவிக் கதவுக்கு வந்தாள். கொட்டகையில் குள்ளம்மாள் பால் பீய்ச்சும் சத்தம். சர். சர். இருமல் வந்தது. வாயையும் மூக்கையும் இடக்கையால் இறுகப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். வலக்கை தாழ்ப்பாளை நீக்கியது.

ரோடு தெரிந்தது. பஸ்ஸின் விளக்கு.

அடக்கிய மூச்சை அவள் இன்னும் விடவில்லை.

நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது.

கால், கால், என்று மனசுக்குள் கத்தினாள். கால் வரவில்லை. வலக்கை மட்டும் அசைந்தது. அவள் சொல்லாமலே. கதவை இழுத்தது. சாத்தியது. தாழ்ப்பாளைப் பதமாகப் போட்டது.

பஸ் நின்றது. போயிற்று.

இருட்டில், கதவில் நெற்றி முட்ட, வாயும் மூக்கும் பொத்தியபடியே அவள் நின்றாள். நெஞ்சு மட்டும், வயிறு முட்டத் தின்றவன் தூங்குவதுபோல, நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.