மூன்றாம் சனலின் வெளிச்சம்

கொழும்பிலிருந்து மெசின் திருத்த வந்த டினேஸ் காலை பத்து மணிக்கே ரோச் லைற் கேட்டான். வெளியே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வெயில் கொளுத்தினாலும் எங்கள் நுணுக்குக்காட்டி அறை இருட்டாகத்தான் இருக்க வேண்டும். லேசர் பட்டு மினுங்கும் இரத்தக் கலங்களை நான்கு சனல்கள் நான்கு நிறங்களில் படமாக்கும். அவற்றில் மூன்றாவது மட்டும் ஆறு மாதமாக அளவுக்கு மீறி ஒளிர்கிறது.

எப்போதிருந்து என்று கேட்டான். தெரியாது என்றேன். பொய்.

கோபிகா சண்டிலிப்பாய் ஊர்ப் பிள்ளை. இங்கே இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்தவள். நோயாளரின் இரத்தத்தோடு ஒப்பிட நல்ல இரத்தம் வேண்டுமென்று, எல்லா மாணவரும் செய்வதுபோல, தன் விரலிலேயே குத்தி எடுத்தாள். நோய்க் கலங்களைக் காட்டுவது மூன்றாம் சனல். அவளுடைய இரத்தத்தில் அது கொழுந்துவிட்டு எரிந்தது.

"அண்ணை, என்ரை ரத்தம் ஏன் உவ்வளவு வெளிச்சமாக் கிடக்கு?"

சனல்கள் சமமில்லை, மெசினின் தரித்திரம் என்று சிரித்தேன். 740 இல் இருந்த உணர்திறனை 520 க்கு இறக்கினேன். படம் அழகாகச் சமப்பட்டது. பெரிய கெட்டிக்காரன் நான்! முதல் படத்தை நம்பியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நான்காம் மாதம் செத்துப்போனாள். அன்றிலிருந்துதான் மூன்றாம் சனல் இப்படி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று அவளுடைய தாய் பத்மாவதி என் இலையில் வடை வைத்தபடி கேட்டார்.

"தம்பி, உங்கடை மெசினிலை முந்தியே ஒண்டும் தெரியேல்லையோ?"

இல்லையம்மா என்றேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. வடையையும் தின்றேன்.

டினேஸ் மூன்றாம் சனலுக்குப் புது டிடெக்டர் பூட்டினான். இரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை வெளியே எடுத்தான். லேசரையும் அணைத்தான்.

மூன்றாம் சனல் ஒளிர்ந்தது.

வட்ட வட்டமாகக் கலங்கள். அவளுடையவை. எனக்குத் தெரியும்.

ஸ்பிரிற் மணந்தது, விரலில் குத்தமுன் துடைக்கிற அதே மணம்.

உணர்திறனைப் பூச்சியத்துக்கு இறக்கினேன். திரை கறுத்தது. டினேஸ் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. முந்தி ஆரும் உதிலை கை வைச்சவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

மவுஸ் என் கைக்குள் அசையாமல் இருந்தது. திரையில் உணர்திறன் எண் ஏறியது.

நூறு.

முந்நூறு.

520 இல் சற்று நின்றது. பிறகு ஏறி, 740 இல் நின்றது.

டினேஸ் பாய்ந்து மின்சார வயரைப் பிடுங்கினான்.

740 அணையவில்லை.